பெயரிடாத படமும் தேடுகின்ற சொல்லும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகள் ஓர் இலக்கிய வட்டத்தைத் தொய்வின்றி நடத்துவது எளிய செயலன்று. மழை வந்தாலும், மண்டபம் கிடைக்காவிட்டாலும், மூவரே வந்திருந்தாலும் கூட்டம் நடந்திருக்கிறது. இந்நாளில் கவிதை பற்றி நான் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். கவிதை பற்றித்தான் பேசப்போகின்றேன். ஆனால் வேறொரு வாயில் வழியாக உள்ளே வருகின்றேன். கணிப்பொறி அறிவியலில், படங்களுக்குக் குறிப்பெழுதுதல், பல்லூடகச் சேமிப்புகளில் உரையாடித் தேடுதல் என ஒரு துறை உண்டு. அத்துறையில் நான் வல்லுநர் அல்லேன், தமிழ் கற்பிப்பவள். எனினும், அத்துறையின் நடுவே இருக்கும் சிக்கல் சொல்லைப் பற்றிய சிக்கலே என்று படித்தறிந்தபோது, அதனைச் சொல்லேருழவர்களாகிய உங்கள் முன் வைப்பதே தக்கது என்று துணிந்தேன்.

இத்துணிவுக்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்றுண்டு. மறைந்த நம் மூத்த கவிஞர் ஒருவரின் மகள், தம் தந்தையார் கவிதை படிக்கும் படம் ஒன்றேனும் இம்மலரில் இடம்பெற வேண்டும் என்று கேட்டிருந்தார். மலர்க்குழுவினர் நால்வர் வட்டத்தின் வன்தட்டைத் திறந்து பார்த்தோம். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. கோப்புறைகளின் பெயர்கள் 'கூட்டம்', 'கூட்டம் 2', 'புதிய கூட்டம்', 'கூட்டம் கடைசி' என்றிருந்தன. உள்ளே ஒவ்வொரு படத்துக்கும் கருவி தானே இட்ட எண் மட்டுமே பெயர்.

இரண்டு மாலைப் பொழுதுகள் தேடினோம். "அன்று மின்சாரம் நின்றுவிட்டது, கைப்பேசி வெளிச்சத்தில்தான் ஐயா படித்தார்" என்று ஒருவர் நினைவுகூர்ந்தார். "அப்படியானால் படம் இருட்டாக அல்லவா இருக்கும்?" என்றார் எங்களுள் இளையவர். அதன்பின் இருண்ட படங்களை மட்டும் நிறுத்திப் பார்த்தோம். 'கூட்டம் 2' என்னும் உறையுள் அது கிடைத்தது. 'கூட்டம்' என்ற சொல் பொய்யன்று. ஆனால் தேடுவோர்க்கு உதவாத மெய்.

எதன் படம்? எதைப் பற்றிய படம்?

கலை வரலாற்றறிஞர் எர்வின் பனோஃப்ஸ்கி 1939இல் வெளியிட்ட நூலில், ஓர் ஓவியத்தின் பொருளை மூன்று படிகளாகப் பகுத்தார். கண்ணுக்குத் தெரியும் உருவங்கள் முதற்படி. அவ்வுருவங்கள் இன்ன கதை, இன்ன மாந்தர் என்று மரபறிவால் உணர்வது இரண்டாம் படி. அவ்வோவியம் தன் காலத்தின் உள்ளத்தைக் காட்டும் முறை மூன்றாம் படி. நூலகவியலறிஞர் சாரா ஷாட்ஃபோர்டு 1986இல் இப்பகுப்பை நூலகத் தேவைக்கு ஏற்ப வளர்த்து, 'எதன் படம்' என்பதும் 'எதைப் பற்றிய படம்' என்பதும் வெவ்வேறு வினாக்கள் என்று தெளிவுபடுத்தினார்.

நம் படத்தையே நோக்குவோம். குனிந்த முதியவர், ஒரு தாள், மேலிருந்து விழும் சிறு வெளிச்சம்: இவை கண்ணுக்குத் தெரிவன. மின்சாரம் நின்ற கூட்டத்தில் நம் கவிஞர் கவிதை படிக்கிறார் என்பது அறிந்தவர்க்கே விளங்குவது. இருட்டிலும் கூட்டத்தைக் கலைக்காத ஒரு வட்டத்தின் இயல்பு அதனுள் இருக்கிறது என்பது நெருங்கிப் பழகியவர்க்கே புலப்படுவது.

இப்பகுப்பு நமக்குப் புதிதன்று. புறநானூற்றுப் பாடல்களின் கீழே திணையும் துறையும், பாடினோர் பாடப்பட்டோர் பெயர்களும் குறிக்கப்பட்டுள்ளன. அகப்பாடல்களின் கீழே யார், யாரிடம், எச்சூழலில் கூறியது என்னும் கூற்றுக்குறிப்பு நிற்கிறது. இவை பாடலின் உறுப்பல்ல, பின்வந்தோர் சேர்த்தவை. ஆயினும் அக்குறிப்புகளைக் கைப்பிடித்தே நாம் பாடலுக்குள் நுழைகிறோம். புறப்பாடல்கள் சிலவற்றுக்கு ஒரு துறையைக் கூறி, இன்னொரு துறையும் ஆகும் என்று சேர்த்துக் குறித்துள்ளமை ஈண்டு கருதத்தக்கது. 'இதுவும் ஆகும்' என்னும் அந்த அடக்கத்தை நினைவில் இருத்துங்கள். பின்னர் அது நமக்குத் தேவைப்படும்.

கணிப்பொறி கண்டதும் காணாததும்

1990களில், சொல்லின் துணையின்றியே படங்களைத் தேட முயன்றனர். ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய 'கியூபிக்' என்னும் அமைப்பு நிறம், வடிவம், மேற்பரப்பின் இழைவு ஆகியவற்றை அளந்து, ஒத்த படங்களைக் காட்டியது. ஆனால் சிவந்த வட்டம் ஒன்றைக் கேட்டால், மாலைக் கதிரவனும் தக்காளியும் நெற்றிப்பொட்டும் அளவையால் ஒன்றாகிவிடுகின்றன. அளக்கப்படுவதற்கும் மனிதர் பொருள்கொள்வதற்கும் இடையிலுள்ள இப்பள்ளத்தை 'பொருள் இடைவெளி' என்று 2000இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வுரை ஒன்று விளக்கியது. இடைவெளியை நிரப்பச் சொல் வேண்டும். சொல்லுக்கு மனிதர் வேண்டும்.

பெயரிட்டவர் யார்?

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் வான் ஆன் என்பவர் 2003இல் இதனை ஒரு விளையாட்டாக்கினார். ஒருவரையொருவர் அறியாத இருவர்க்கு இணையத்தின் வழியே ஒரே படம் காட்டப்படும். இருவரும் பேசிக்கொள்ள இயலாது. இருவரும் ஒரே சொல்லை எழுதிவிட்டால் வெற்றி. அச்சொல் அப்படத்தின் குறிப்பாகும். முன்னரே பலர் ஒத்துக்கொண்ட சொற்கள் விலக்கப்பட்டவை என்று அறிவிக்கப்படும்; ஆதலால் புதிய சொல்லைத் தேட வேண்டும்.

கவிஞர்களே! இவ்விளையாட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். மற்றவர் என்ன சொல்வார் என்று ஊகித்து, அதையே சொல்பவர் இதில் வெல்கிறார். மற்றவர் சொல்லியிராத, ஆனால் கேட்டவுடன் 'ஆம்' என்று ஒப்புகின்ற சொல்லைத் தருபவர் கவிதையில் வெல்கிறார். இரண்டும் தேவையானவையே. முதல்வகைச் சொல்லால் படம் கிடைக்கும். இரண்டாம் வகைச் சொல்லால் கிடைத்த படம் விளங்கும்.

2009இல் ஃபெய்-ஃபெய் லீ தலைமையிலான ஆய்வாளர்கள் 'இமேஜ்நெட்' என்னும் பெருந்தொகுப்பை அறிமுகம் செய்தனர். அது 1 கோடியே 40 லட்சம் படங்களாக வளர்ந்தது. பெயர் வகைகள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் 'வேர்ட்நெட்' என்னும் ஆங்கிலச் சொற்களஞ்சியத்திலிருந்து எடுக்கப்பட்டன. இணையத்தின் வழியே சிறு கூலிக்குப் பணிசெய்த பல்லாயிரவர், ஒவ்வொரு படமும் அப்பெயருக்குப் பொருந்துமா எனப் பார்த்துத் தந்தனர். கணிப்பொறி காட்சிகளை இனங்காணும் திறன் 2012க்குப் பின் விரைந்து வளர்ந்தமைக்கு இத்தொகுப்பு ஒரு பெருங்காரணம்.

ஆனால் சொற்களஞ்சியத்தில் வசைச்சொற்களும் இருக்குமன்றோ? அவையும் பெயர் வகைகளாயின. முன்பின் அறியாத மனிதர்களின் முகங்களோடு ஒட்டிக்கொண்டன. கேட் கிராஃபோர்டு, டிரெவர் பாக்லன் இருவரும் 2019இல் ஒரு கலைப்படைப்பின் வழியாக இதனை உலகறியச் செய்தனர். அத்தொகுப்பின் ஆய்வாளர்களும் இச்சிக்கலை முன்பே ஆராய்ந்து வந்தவர்களே. மனிதர்களைக் குறிக்கும் 2,832 வகைகளுள் 1,593 வகைகள் தகாதவை என்று கண்டு, அவற்றையும் அவற்றுக்குரிய சுமார் 6 லட்சம் படங்களையும் நீக்க முடிவு செய்தனர். மேசைக்கு 'மேசை' என்று பெயரிடுவதும் ஒரு மனிதரின் முகத்துக்கு 'தோற்றவர்' என்று பெயரிடுவதும் ஒன்றல்ல. பின்னது குறிப்பன்று, தீர்ப்பு. 'இதுவும் ஆகும்' என்னும் அடக்கம் அங்கே இல்லாமற்போயிற்று.

உரையாடித் தேடுதல்

எவ்வளவு குறிப்பெழுதினாலும், தேடுபவர் நினைவில் இருப்பது அக்குறிப்பின் சொல்லாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே ஆய்வாளர்கள் தேடலை ஓர் உரையாடலாக அமைத்தனர். இயந்திரம் சில படங்களைக் காட்டுகிறது. 'இது நெருக்கம், இது தொலைவு' என்று மனிதர் குறிக்கிறார். இயந்திரம் நெருங்கியவற்றின் பக்கம் நகர்ந்து, விலக்கியவற்றிலிருந்து அகன்று, மீண்டும் காட்டுகிறது. எழுத்தாவணங்களுக்காக 1971இல் ரோக்கியோ விளக்கிய முறை இது. பின்னர்ப் படங்களுக்கும் பயன்பட்டது.

இத்திறனைச் சோதிக்க, 2012இல் ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபூர்ட் நகரில் காணொளித் தேடற்போட்டி ஒன்று தொடங்கியது. 'வீடியோ பிரௌசர் ஷோடவுன்' என்பது அதன் பெயர். 2019ஆம் ஆண்டுப் போட்டியில் சுமார் 1,000 மணிநேரம் ஓடும் 7,475 காணொளிகள் கொண்ட தொகுப்பு பயன்பட்டது. அதிலிருந்து ஒரு சிறு துணுக்கைக் காட்டி, 'இதனைக் கண்டுபிடியுங்கள்' என்பது ஒருவகைப் போட்டி. விரைந்து கண்டவர்க்கு மிகுந்த மதிப்பெண். தவறாகக் காட்டினால் குறைப்பு.

என்னைப் பெரிதும் கவர்ந்தது இன்னொரு வகை. அதில் படமே காட்டப்படாது, சொல்லால் வருணிப்பர். முதலில் ஒரு வரி, சிறிது நேரம் கழித்து இன்னொன்று, பின்னும் ஒன்று. ஒவ்வொரு வரியும் உலகைச் சுருக்கி அக்காட்சியை நெருங்குகிறது. 'மின்சாரம் நின்றது' என்றார் ஒருவர். 'அப்படியானால் இருட்டு' என்றார் மற்றவர். அம்மாலையில் நாங்கள் செய்ததும் இதுவே அன்றோ?

நினைவில் நிற்பது பெயரன்று, காட்சி. சங்கப் பாடல்களைத் தொகுத்தோர்க்குச் சில புலவர்களின் இயற்பெயர் கிடைக்கவில்லை. அவர்கள் 'பெயர் தெரியாதவர் 1', 'பெயர் தெரியாதவர் 2' என்று எண்ணிடவில்லை. பாடலுள் ஒளிர்ந்த காட்சியையே பெயராக்கினர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார், மீனெறி தூண்டிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என வரும் பெயர்களைக் கேட்ட அளவிலேயே பாடல் நம் முன் வந்து நிற்கிறது. இதனினும் சிறந்த தேடற்குறிப்பு எம்மொழியிலும் உண்டோ, அறியேன்.

நம் பங்கு

2021இல் வெளிவந்த 'கிளிப்' என்னும் அமைப்பு, இணையத்தில் திரட்டிய 40 கோடிப் படங்களையும் அவற்றோடு கிடைத்த சொற்களையும் இணைத்துக் கற்றது. படமும் சொல்லும் ஒரே அளவைவெளியில் புள்ளிகளாக்கப்படுகின்றன. பொருந்துபவை அருகருகே அமர்கின்றன. ஒரு வரி எழுதினால் அதற்கு அண்மையிலுள்ள படம் வந்து நிற்கும். பொருள் இடைவெளியின் மீது ஒரு பாலம் விழுந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பாலத்தின் பலகைகள் யாரோ எங்கோ தம் படத்தின் கீழ் எழுதிய சொற்களே. அவை பெரும்பாலும் ஆங்கிலச் சொற்கள்.

2022இல் 36 மொழிகளில் படவருணனைகளைத் தாய்மொழியாளர்களைக் கொண்டு எழுதுவித்த ஆய்வுத்தொகுப்பு ஒன்று வெளிவந்தது. இந்திய மொழிகளுள் வங்காளம், இந்தி, தெலுங்கு மூன்றும் அதில் இடம்பெற்றன, தமிழ் இடம்பெறவில்லை. இதனைக் குறையாகச் சொல்லி அமர்வதில் பயனில்லை. முற்றத்தை 'முற்றம்' என்றும், திண்ணையைத் 'திண்ணை' என்றும் படத்தின் கீழ் எழுதிவைத்தவர் எத்தனை பேர்? நாம் எழுதாத சொல்லை எந்த இயந்திரமும் நமக்காகத் தேடித் தராது.

ஆகவே வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கின்றேன். நம் மூவாயிரம் படங்களையும் உறுப்பினர்கள் பகிர்ந்துகொள்வோம். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரிகள் எழுதுவோம். முதல் வரி: யார், எங்கே, எந்நாள். இரண்டாம் வரி: கண்ணுக்குத் தெரிவது. மூன்றாம் வரி: அன்று நடந்தது. எழுதியவர் தம் பெயரையும் இடட்டும். மாறுபடுபவர் 'இதுவும் ஆகும்' என்று கீழே சேர்க்கட்டும். ஒருவரைப் பற்றி எழுதும்போது, அவர் எதிரே நின்றால் சொல்லக் கூசுகின்ற சொல்லை எழுதாதிருப்போம்.

முதல் படத்துக்கு மலர்க்குழு எழுதிவிட்டது. நாளும் இடமும் குறித்தபின், 'இருட்டு; குனிந்து படிக்கும் முதியவர்; மேலே ஒரு கையும் கைப்பேசி வெளிச்சமும்' என்று எழுதினோம். 'மின்சாரம் நின்றது, ஐயா முழுக்கவிதையையும் படித்து முடித்தார்' என்று சேர்த்தோம். படம் மகளிடம் சேர்ந்துவிட்டது. அவர் எங்களை ஒரு கேள்வி கேட்டார்: "அந்த விளக்கைப் பிடித்திருக்கும் கை யாருடையது?" எங்களால் விடை சொல்ல இயலவில்லை. அக்கைக்குரியவர் இவ்வவையிலேயே இருக்கக்கூடும். இருப்பின், உரை முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள். முதல் வரியில் இன்னும் ஒரு பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம்.