மாறுமுன் பொருத்தம் பார்

செங்கோட்டையையும் புனலூரையும் இணைக்கும் மலைவழி இருப்புப்பாதை 1904-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அது மீட்டர் கேஜ் பாதை. தண்டவாளங்களின் இடைவெளி 1,000 மில்லிமீட்டர். 2010-இல் அது மூடப்பட்டு, 2018-இல் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையாகத் திறக்கப்பெற்றது. பழைய வண்டிகள் எவ்வளவு உறுதியானவையாயினும் புதிய பாதையில் ஓடா. வண்டியில் குறையில்லை, பாதையிலும் குறையில்லை, பொருத்தந்தான் இல்லை. கணினிக்கும் இவ்விதி உண்டு.

ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் என்பது இயங்குதளத்தின் கரு. அதனோடு வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்துத் தொகுத்துத் தருவதை 'வழங்கல்' என்கிறோம். டெபியன், உபுண்டு, பெடோரா எனப் பல வழங்கல்கள் உள. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்னும் வழங்கலை ஆக்கினர்.

ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் உண்டு. அது முடிந்தபின் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா; ஆகவே மாறத்தான் வேண்டும். ஆனால் தென்காசி வட்டாரத்துச் சிற்றூர்களில், 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்ததைப் போன்ற பழைய மடிக்கணினி ஒன்றே குடும்பத்தின் ஒரே கணினியாக இருக்கும் வீடுகளை நான் அறிவேன். ஆராயாமல் மாற்றி அது முடங்கினால், அண்ணனின் செய்முறைப் பதிவேடும் தங்கையின் விண்ணப்பமும் சேர்ந்தே முடங்கும். மாற்றுப் பொறி இல்லாதவனுக்கே முன்னாய்வு மிகுதியும் வேண்டும்.

முதலில் செயலியைப் பாருங்கள். அது 32 பிட்டா, 64 பிட்டா? உபுண்டு 2017-இலேயே 32 பிட் மேசைக்கணினிப் பதிப்பைக் கைவிட்டது. 2025-இல் வந்த டெபியன் 13-ஐயும் அத்தகைய பொறியில் புதிதாக நிறுவ இயலாது. நினைவகத்தின் அளவையும் வட்டில் எஞ்சிய இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது துணைக் கருவிகள். வைஃபை, அச்சுப்பொறி முதலியவற்றுள் சில, தத்தம் நிறுவனத்தாரின் தனி மென்பொருள் இன்றி இயங்கா. ஐந்தருவியில் தலையைக் கொடுக்குமுன் கையை நீட்டி நீரின் வேகத்தை அறிகிறோம் அல்லவா? அதுபோல, பெரும்பாலான வழங்கல்களை வட்டில் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். அப்பொழுது வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, ஒரு பக்கம் அச்சாகிறதா, மூடித் திறந்தால் கணினி விழித்தெழுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

மூன்றாவது, மென்பொருள். டெபியன் குடும்பத்துக்கென ஆக்கிய 'டெப்' தொகுப்பைப் பெடோரா ஏற்காது; அதற்கு 'ஆர்பிஎம்' வேண்டும். நாள்தோறும் எவற்றைப் பயன்படுத்துகிறீர்கள் என்று தாளில் எழுதி, அவை புதிய வழங்கலில் உண்டா என்று பாருங்கள். மலைக்கு அப்பால் கேரளத்தில், ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தார் முதலில் டெபியனையும் பின்னர் உபுண்டுவையும் அடிப்படையாகக் கொண்டு, பாடங்களுக்கு வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்துப் பள்ளிகளுக்கென வழங்கல்களைத் தொகுத்தனர். தேவையே தேர்வுக்கு அளவுகோல்.

தமிழையும் மறவாதீர். தமிழ்99 விசைப்பலகை உள்ளதா என்று பாருங்கள். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் அமைந்த கோப்புகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். அவற்றை முன்னரே யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இறுதியாக, கோப்புகள் அனைத்தையும் வேறோரிடத்தில் படியெடுத்து, அப்படி திறக்கிறதா என்றும் பாருங்கள். தேர்வு நெருங்கும் வாரத்தில் இவ்வேலையில் இறங்காதீர். ஒரு வழங்கல் பொருந்தாவிட்டால் மனந்தளர வேண்டா. பழைய பொறிக்கு ஏற்ற எளிய வழங்கல்களும் உள. அவற்றுள் ஒன்றை இவ்வாறே சோதித்துப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுது செலவாகும். ஓராண்டு உழைப்பு காக்கப்படும்.