கொல்லிமலைக்குப் போன இளைஞர்

இளம்பிள்ளைத் தறிக்காரர்களே, ஆடிப்பெருக்குக்குக் கொல்லிமலை ஏறுவீர்கள். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து போகிறது. சாலையே இல்லாத காலத்தில், காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளிக்காரர்கள் ஒதுங்கிய அந்த மலைக்குக் குடியேறினார் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய இளைஞர். கிறிஸ்தவ ஊழியர். 1913-இல் அவரை மணந்த எவலினும் உடன் போனார்.

ஊழியம் என்றால் பிரசங்கம் மட்டுமல்ல. அங்கே பலருக்கு நரம்புச் சிலந்தி நோய். காலைக் கிழித்து வெளிவரும் புழு, இழுத்தால் அறுந்துவிடும். ஜெஸ்ஸி அதைக் குச்சியில் சுற்றி, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுப்பார். புண்பட்ட காலோடு மக்கள் தண்ணீரில் இறங்குவதால்தான் நோய் பரவுகிறது என்று சொல்லி, கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பவைத்தார். எனக்கு அவருடைய மருந்துப் பெட்டியைவிட அந்தச் சுவர்தான் பெரிது.

1929-இல் காய்ச்சல் அவரையே கொண்டுபோனது. அப்போது 44 வயது. மகன் பால் பிராண்ட், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் முடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய மருத்துவர். எவலினோ ஓய்வுபெற்ற பிறகும் மலையேறி, முதுமையிலும் ஊர் ஊராகப் போய் நோயாளிகளைப் பார்த்தார். 1974-இல், 95 வயதில் இறந்த அவரைக் கணவரின் கல்லறை அருகிலேயே அடக்கம் செய்தார்கள்.