முகமலர்ந்து ஈவோம்
(யூபிலித் திருப்பலியில் பங்குத்தந்தை ஆற்றிய மறையுரை)



கொரிந்தியருக்கு எழுதிய 2ஆம் நிருபம் 9ஆம் அதிகாரத்தில் புனித சின்னப்பர் முகமலர்ந்து ஈபவரைப் போற்றுகிறார். கிரேக்கத்தில் அச்சொல் 'ஹிலரோஸ்'. ஆனால் முந்திய அதிகாரத்தில் அவர் முன்மாதிரியாகக் காட்டுவது செல்வரை அல்ல; வறுமையில் வாடிய மக்கெதோனியரை. எருசலேம் ஏழைகளுக்கு உதவத் தங்களையும் சேர்த்துக்கொள்ளுமாறு கெஞ்சியவர்கள் அவர்கள்!

இது நமக்குத் தூரத்துக் கதையா? சென்னையில் துறைமுகம் இல்லாத காலத்தில், ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் அலையைக் கடந்து கப்பல் சரக்கை இறக்கியவர்கள் நம் கடற்கரைப் படகுக்காரர்கள். இராயபுரத்துப் புனித இராயப்பர் ஆலயம் அவர்கள் எழுப்பியது. (ஊருக்கும் அவர் பெயரே வந்தது என்பர்.)

யூபிலி நிதிக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி விதிக்கலாம், பாக்கிப் பட்டியலைக் கோயில் வாசலில் ஒட்டலாம் என்று சிலர் யோசனை கூறினர். நல்லெண்ணந்தான், நமக்கு ஒப்பவில்லை. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது வலையும் படகும் பாழாகி நின்ற குடும்பங்களை மறப்போமா? பாக்கி என்று எழுதினால் அவர்கள் பூசைக்கே வர வெட்குவார்கள். ஆகவே வரியில்லை, பட்டியலுமில்லை. சேரும் நிதியில் பத்தில் ஒரு பங்கு முதலில் வேலையிழந்த வீடுகளுக்குப் போகும். மணிக்கூண்டு சற்றே காத்திருக்கட்டும்.