தலையில் இருப்பது ஏட்டில் ஏற வேண்டும்



முப்பது ஆண்டு மில்லில் உழைத்த ஃபிட்டர் ஓய்வு பெற்றுப் போகிறார். எந்த மிஷின் எப்படிச் சத்தம் போட்டால் எந்தத் திருகை முடுக்க வேண்டும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். மறுநாள் மிஷின் நிற்கிறது. யாரைக் கேட்பது? நூலக ஊழியர்களான எங்களிடமும் இதே கதைதான். பூச்சி அரித்த புத்தகத்தைக் காப்பது எப்படி, பெயர் மறந்த நூலைத் தேடிக் கொடுப்பது எப்படி என்பதெல்லாம் அந்தந்த நூலகரின் தலைக்குள்ளேயே கிடக்கிறது.

இதற்கு ஒரு வழி உண்டு. விக்கி என்று பெயர். கம்ப்யூட்டரில் திறந்து வைத்த பொது நோட்டுப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பவரே எழுதலாம், பிறர் எழுதியதைத் திருத்தலாம். 1995ல் அமெரிக்காவில் வார்டு கன்னிங்காம் என்பவர், புரோகிராம் எழுதுவோர் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ள இதை முதலில் அமைத்தார். ஹவாய் மொழியில் விக்கி என்றால் விரைவு. விமான நிலையத்து பஸ்ஸின் பெயரிலிருந்து எடுத்தாராம்!

2005ல் சிக்காகோவில் அமெரிக்க நூலகச் சங்கத்தின் மாநாடு கூடியது. மெரிடித் ஃபார்க்காஸ் என்ற நூலகர் அதற்காக ஒரு விக்கி திறந்தார். எங்கே சாப்பிடலாம் என்பதிலிருந்து, எந்த அமர்வில் என்ன பேசினார்கள் என்பது வரை மாநாட்டுக்கு வந்தவர்களே எழுதினார்கள். பயணச் செலவுக்கு வழியில்லாதவரும் ஊரிலிருந்தே படிக்கலாம். அதே ஆண்டில், தத்தம் நூலகத்தில் எது பலித்தது என்று நூலகர்கள் எழுதி வைக்க இன்னொரு விக்கியையும் அவர் தொடங்கினார்.

கண்டவரும் எழுதினால் பொய் புகாதா? புகும். ஆனால் ஒவ்வொரு திருத்தமும் பதிவாகிறது. பழைய பக்கமும் அழிவதில்லை. ஒருவர் கெடுத்ததை இன்னொருவர் நொடியில் மீட்கலாம். நம் சங்கக் கணக்குப் புத்தகத்துக்கே இந்த வசதி கிடையாது!

எங்கள் கவலை வேறு. தொடக்கத்தில் பத்துப் பேர் ஆவலோடு எழுதுவார்கள். போகப் போக ஒருவரோ இருவரோதான் மிஞ்சுவார்கள். விளம்பரக்காரர்கள் குப்பையைக் கொட்டுவார்கள். அதைப் பெருக்கித் தள்ளுவதும் உழைப்புதானே? வீடு திரும்பிய நூலகர் தூக்கத்தை விட்டு இதைச் செய்ய வேண்டுமா? பலன் நூலகத்துக்கு, கூலி மட்டும் இல்லையா? விக்கியில் எழுதும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிடு என்கிறோம். வாரத்துக்கு இரண்டு மணி போதும். மனு தயாராகிறது; மாலையில் எங்கள் நூலகத்துக்குப் படிக்க வரும் மில் தோழர்களும் விவசாயத் தோழர்களும் அதில் கையெழுத்திட வேண்டுகிறோம்.