எத்தனை மணித்தியாலம்?

(வால்தம்ஸ்டோவில் நடந்த சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



புத்தாண்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பயணத்தைப் பற்றிப் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ. போன கிழமை என்ரை பேத்தி தமிழ்ப் பள்ளிக்கூடக் கொப்பியோடு வந்து, "அப்பப்பா, இங்கயிருந்து யாழ்ப்பாணம் போக எத்தனை மணித்தியாலம்?" எண்டு கேட்டாள்.

கணக்குச் சொன்னேன். ஹீத்ரோவிலிருந்து கட்டுநாயக்கா ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். நேரே பறந்தால் பத்தரை, பதினொரு மணித்தியாலம். திரும்பி வரும்போது கொஞ்சம் கூட எடுக்கும். உயரத்தில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று அப்போது எதிர்க்காற்று. இங்கே விக்டோரியா லைன் ஏறி, பின்ஸ்பரி பார்க்கில் பிக்கடிலி லைனுக்கு மாறி ஹீத்ரோ போக ஒன்றரை மணித்தியாலம். கட்டுநாயக்காவில் இறங்கி வானில் யாழ்ப்பாணம் போக ஏழு, எட்டு. அந்தத் தூரமோ நானூறு கிலோமீற்றருக்குள்தான்!

எல்லாவற்றையும் எழுதிவிட்டு, "நீங்கள் வரேக்கையும் அவ்வளவுதானோ?" எண்டாள்.

நான் கொழும்பில் பிளேன் ஏறியது 1991 ஓகஸ்டில். லண்டனில் இறங்கியது 1992 ஒக்ரோபரில். மொஸ்கோவில் ஒரு அறைக்குள் ஒன்பது பேர். ஏஜென்சிக்காரன் "அடுத்த கிழமை, அடுத்த கிழமை" எண்டு சொல்லியே ஒரு பனிக்காலம் முழுக்கக் கழிந்தது. இங்கே இருக்கிற கனபேருக்கு இந்தக் கதை தெரியும்.

1997இல் அம்மா ஊரில் மோசம்போனா. செய்தி கிடைச்சதே நாலாம் நாள். என் கையில் இருந்தது அகதிகளுக்கான பயணப் புத்தகம். இலங்கை தவிர எல்லா நாட்டுக்கும் போகலாம் என்று அதில் எழுதியிருந்தது. போயிருந்தாலும் கொழும்போடு நிற்க வேண்டியதுதான். ஏ-9 பாதை பூட்டு. பாதுகாப்பு அமைச்சின் அனுமதி எடுத்து, திருகோணமலையில் கப்பலுக்குக் காத்திருந்து காங்கேசன்துறை போய் இறங்கக் கிழமைக்கணக்காகும்.

2002 ஏப்ரலில் பாதை திறந்தது. அந்த வருசமே பிரித்தானியப் பாஸ்போட்டோடு போனேன். ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைக்கு இறங்கி ஏறி வீட்டுக்குப் போக, அம்மாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி பூட்டு.

பிறகு 2014இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தது. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. சென்னையிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் இறங்கலாம். இது புதுப் புதினமும் இல்லை. 1947 டிசம்பரில் எயார் சிலோன் தன் முதல் விமானத்தையே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் விட்டது. அப்போது இருந்ததுக்குத்தான் எழுபது வருசம் கழிச்சுத் திறப்புவிழா வைத்தார்கள்.

வருகிற ஓகஸ்டில் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போறேன். அவள் கொப்பியில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "அப்பப்பா வந்தது: 14 மாதம்." ரீச்சர் அதுக்குப் பிழை போட்டுவிட்டாவாம். சரி எண்டு சொல்ல, சனிக்கிழமை நானே பள்ளிக்கூடம் போகிறேன்.

சாப்பாடு ஆறுது.