மொய்யும் முறையும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இன்று பேசுவதற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுக் கூச்சம் தருவது. ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது வழக்கம். நாம் பணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். தை பிறந்துவிட்டால் நம் குடியிருப்பில் கல்யாணங்கள் தொடங்கிவிடுகின்றன. ஒவ்வொரு கல்யாணத்தின்போதும், வாய்விட்டுச் சொல்லப்படாத கேள்வி ஒன்று வீட்டுக்கு வீடு உலவுகிறது. செலவில் ஒரு பங்கை விருந்தினரிடம் கேட்கலாமா? கேட்பதானால் எவ்வாறு கேட்பது? இதை வெளிப்படையாகப் பேசாமையால் கேட்பவருக்கும் சங்கடம், கொடுப்பவருக்கும் சங்கடம். கணக்கு எழுதிப் பழகிய கை நமது கை. ஆகவே கணக்காகவே இதைப் பார்த்துவிடுவோம்.

முதலில் நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்று காண்போம். மொய் என்பது அன்பளிப்பு மட்டுமன்று, பிச்சையும் அன்று. அது முறை. தென்மாவட்டங்களில் அதனைச் செய்முறை என்றே சொல்லுவார்கள். பந்தலின் வாயிலில் ஒருவர் நோட்டும் பேனாவுமாக அமர்ந்து ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதுவார். ஐம்பத்தொன்று, நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று ஒரு ரூபாய் கூட்டி வைப்பது மங்கலம். அந்த நோட்டு வீட்டில் பத்திரத்தோடு பத்திரமாக இருக்கும். மொய் வைத்தவர் வீட்டில் காரியம் வரும்போது நோட்டைப் புரட்டிப் பார்த்து, வாங்கியதற்குக் குறையாமல், கூடுமானால் சற்றுக் கூட்டித் திருப்பிச் செய்வார்கள். வங்கியும் வட்டியும் எட்டாத குடியானவன் தன் மகளுக்கு மணம் முடிக்க ஊரே சேர்ந்து நடத்திய சேமிப்புத் திட்டம் அது.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணி ஆகிய பகுதிகளில் இம்முறை இன்னும் ஒரு படி மேலே சென்றிருக்கிறது. அங்கே கல்யாணம் இல்லாமலே, ஆடி மாதத்தில் மொய் விருந்து வைக்கிறார்கள். அழைப்பிதழ் அச்சிட்டு, கறிச்சோறு போட்டு, மொய் வாங்குகிறார்கள். விருந்துச் செலவு குறையும் பொருட்டுப் பலர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவதும் உண்டு. 1992இல் வெளிவந்த 'சின்னக் கவுண்டர்' படத்தில் மொய் விருந்தைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அந்த ஊர்களில் வெளிப்படையாகக் கேட்பது இழிவாக இல்லை. ஏன்? கேட்பவர் திருப்பித் தருவார் என்பது ஊரறிந்த உண்மை. 2018 நவம்பரில் கஜா புயல் அப்பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, வாங்கிய மொய்யைத் திருப்புவதும் பலருக்குப் பாரமாயிற்று. ஆகவே இதில் இடரும் உண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

நம் அண்டை வீட்டாரைப் பாருங்கள். இந்தக் கரக்பூரில் நம்மோடு வாழும் தெலுங்கு அன்பர்கள் இதனைச் 'சதிவிம்புலு' என்பார்கள். கொண்டுவந்த பரிசை உரக்கப் படித்து அறிவிப்பது என்பது அச்சொல்லின் பொருள். மராத்தியர் 'ஆஹேர்' என்பார்கள். குஜராத்தியர் 'சாந்த்லோ' என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொள்வார்கள். வங்காளியர் 'லௌகிகதா' என்பார்கள். ஆனால் அவர்களுடைய அழைப்பிதழ்களில், பரிசுக்குப் பதிலாக ஆசியையே வேண்டுகிறோம் என்ற கருத்தமைந்த வரி ஒன்றை அச்சிடும் பண்பும் நெடுநாளாக உண்டு. கொடுப்பது எல்லார்க்கும் பொது. கேட்கும் விதத்திலேதான் நாகரிகம் வேறுபடுகிறது.

இனி நம் நிலைமைக்கு வருவோம். மொய் என்னும் சங்கிலி ஒரே ஊரில் நிலைத்து வாழும் மக்களுக்காக ஏற்பட்டது. நமக்கு மொய் செய்யக் கடமைப்பட்ட உறவினர் இங்கிருந்து சென்னைக்கே ஏறத்தாழ 1,550 கிலோமீட்டர், அதற்கு அப்பாலும் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பந்தலில் வந்து அமர்பவர்களோ குடியிருப்பு அன்பர்கள். இன்று அடுத்த குவார்ட்டர்ஸில் இருப்பவர் நாளை மாற்றலாகிப் போய்விடுவார். மறுநாள் ஒருவர் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, சொந்த ஊருக்கு வண்டி ஏறிவிடுவார். அவர் இருபது ஆண்டுகளாகக் குடியிருப்பு முழுவதும் வைத்த மொய், அவர் மகளின் திருமணம் ஊரில் நடக்கும்போது எங்கே போகிறது? நம்மிடையே பேசப்படாத பெரிய நட்டம் இதுவே. ஊர்வழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் முன்னே மணம் முடித்தவர்களுக்கு இலாபம். பின்னே முடிப்பவர்களுக்கு நட்டம்.

அடுத்து அலுவலகம். கல்யாணத்திற்கென்று மேசைக்கு மேசை பட்டியல் சுற்றுவதை நாம் அறிவோம். 1966ஆம் ஆண்டின் ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளில் 12ஆம் விதி நிதி திரட்டுவதைப் பற்றியது. உரிய அனுமதியின்றி எந்த நோக்கத்திற்காகவும் நன்கொடை கேட்பதையும் பெறுவதையும் அது தடுக்கிறது. 13ஆம் விதி பரிசுகளைப் பற்றியது. திருமணம் போன்ற காலங்களில் வழக்கத்தை ஒட்டி நெருங்கிய உறவினரிடமும், அலுவல் தொடர்பற்ற நண்பரிடமும் பரிசு பெறலாம். குறித்த மதிப்பைத் தாண்டினால் தெரிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. விதி இருப்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. மேலதிகாரி வீட்டுக் கல்யாணப் பட்டியல் ஒரு டிராக்மேன் கையில் வரும்போது அவர் கொடுப்பது மொய்யன்று, அச்சத்தின் விலை. மறுக்க இயலாதவரிடம் கேட்பது கேட்பதே ஆகாது, பறிப்பதாகும்.

ஒலிபெருக்கியைப் பற்றியும் ஒரு சொல். நம் குடியிருப்பு வரவேற்பு ஒன்றில் உறைகளைப் பிரித்துத் தொகையைப் படித்தார்கள். இரண்டாயிரம், ஐயாயிரம் என்று வந்துகொண்டிருந்த வரிசையில் ஒரு பாயிண்ட்ஸ்மேனுடைய ஐம்பத்தொரு ரூபாயும் வந்தது. யாரும் சிரிக்கவில்லை, எனினும் அவர் இலையில் உட்காராமலே வீட்டிற்குப் போய்விட்டார். அதன் பின்னர் எந்த விசேஷத்திற்கும் மனைவியை மட்டும் அனுப்பினார். ஊரில் தொகையைச் சொல்லி எழுதுவது கணக்கிற்குச் சாட்சியாக. இங்கே மேடையில் படிப்பது யாருக்குச் சாட்சி?

இக்காலத்தில் கைப்பேசியும் வந்துவிட்டது. 2021 ஜனவரியில் மதுரையில் நடந்த ஒரு திருமணத்தின் அழைப்பிதழில், மொய் அனுப்புவதற்காகக் கூகுள் பே, போன் பே குறியீடுகளை அச்சிட்டார்கள், நாடெங்கும் செய்தியாயிற்று. அது கொரோனாக் காலம். பலர் நேரில் வர இயலாத நேரம். அதனால் பொருத்தமும் இருந்தது. கருவியின்மேல் நமக்குக் குறையில்லை. ஆனால் 'வருக, வாழ்த்துக' என்று எழுதிய தாளிலேயே பணம் செலுத்தும் வழியும் இருந்தால், அழைப்பு எது, கட்டணச் சீட்டு எது என்று வயதானவர்கள் மயங்குவார்கள் அல்லவா? கேட்பவர்க்கு மட்டும் தனியே அனுப்பினால் போதும்.

சரி, கேட்கவே கூடாதா என்றால், அவ்வாறு நாம் சொல்லவில்லை. வள்ளுவப் பெருமான் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். அதற்கு முன்னே ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரம் வைத்தார். இரவுக்கு ஓர் அதிகாரம் வைத்து, அடுத்ததாகவே இரவச்சமும் வைத்தார். கேட்கவும் முறை உண்டு, கேட்க அஞ்சவும் வேண்டும் என்பதே அந்த வரிசை நமக்குக் காட்டும் பாடம். அந்த வழியில் சில முறைகளை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, கேட்பதற்கு முன் குறையுங்கள். 1967இல் சென்னை மாநிலச் சட்டமன்றம் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லுபடியாக்கிற்று. மாலையோ மோதிரமோ மாற்றி, அல்லது தாலி கட்டி, எளிமையாக மணம் முடிக்கலாம். சடங்கை விரும்புவோரும் சிக்கனமாகச் செய்யலாம். சேமநிதியில் திருமணத்திற்குப் பணம் பெற வழியிருக்கிறது. இவை போதாதபோதுதான் நண்பர்களை நாட வேண்டும். தாலிக்கும் சோற்றுக்கும் கேட்கலாம். பறக்கும் கேமராவுக்கும் வாணவேடிக்கைக்கும் கேட்பது அழகன்று.

இரண்டாவது, அழைப்பதற்கு முன் கேளுங்கள். அழைத்த பின் கேட்காதீர்கள். அழைப்பிதழ் கையில் கொடுத்த பிறகு கேட்டால் அது விருந்தின் விலையாகிவிடும். வீட்டிற்குத் தனியே சென்று, பிள்ளைகள் எதிரே இல்லாதபோது கேளுங்கள். கைமாற்றா, மொய்யா, உதவியா என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். 'இயலவில்லை' என்று ஒருவர் சொன்னால் பேச்சு அங்கேயே முடிய வேண்டும். அவருக்கும் அதே அன்போடு பத்திரிகை வைக்க வேண்டும்.

மூன்றாவது, பணத்திற்கு முன் உழைப்பைக் கேளுங்கள். ஊரிலிருந்து வரும் நாற்பது பேரை விடுதியில் தங்கவைத்தால் எவ்வளவு செலவு! பத்து வீட்டார் ஆளுக்கு நால்வரைத் தங்கள் குவார்ட்டர்ஸில் ஏற்றுக்கொண்டால் அச்செலவே இல்லை. ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வருபவர் ஒருவர், பூக்கட்டுபவர் ஒருவர், காய் நறுக்குபவர் நால்வர், விடியற்காலைக் காப்பிக்கு ஒரு வீடு. இதில் ஐம்பத்தொரு ரூபாய்க்காரரும் ஐயாயிரம் ரூபாய்க்காரரும் சமம்.

நான்காவது, நோட்டு இருக்கட்டும், ஒலிபெருக்கி வேண்டாம். நம்பிக்கைக்குரிய ஒருவர் எழுதினால் போதும். மொய் பெற்றோர் திருப்ப வேண்டிய கடன். மணமக்களுக்கு வரும் பரிசு மணமக்களுடையது. வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் 1985ஆம் ஆண்டு விதிகள் மணமகளும் மணமகனும் தத்தம் பரிசுகளுக்குப் பட்டியல் வைக்கச் சொல்லுகின்றன. மணப்பெண் கையில் வந்த மோதிரத்தை விற்று, பந்தல்காரனுக்குக் கொடுக்க யாருக்கும் உரிமையில்லை.

ஐந்தாவதே நாம் முக்கியமாகக் கருதுவது. நம் குடியிருப்பில் ஒருவர் மாற்றலாகும்போதும் ஓய்வு பெறும்போதும், அவரிடம் மொய் வாங்கியவர்கள் தத்தம் நோட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பிரிவு உபசாரத்தில் மாலையும் பொன்னாடையும் போர்த்துகிறோம்; நல்லது. அதற்கு முந்திய வாரத்தில் அவர் வீட்டிற்குப் போய், 'அண்ணா, உங்கள் வீட்டுக் காரியம் எப்போது வந்தாலும் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்' என்று சொல்லி, ஊர் முகவரியை வாங்கி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். காரியம் வரும்போது தொகையை அனுப்புங்கள். கைப்பேசிக் குறியீட்டிற்கு இதைவிட நல்ல பயன் ஏது? இதை ஒழுங்காகச் செய்தால், எவரும் எவரையும் கேட்க வேண்டிய நிலையே பாதியாகக் குறைந்துவிடும்.

இவற்றைச் சட்டமாக்க நாம் சொல்லவில்லை. அடுத்த பொதுக்குழுவில் தாய்மார்களும் கலந்து பேசி, கூட்டிக் குறைத்து, நம் சங்கத்தின் வழக்கமாக்கிக்கொண்டால் போதும். கல்யாண வீட்டின் கணக்கைத் தாய்மார்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?