பூவைத் தூவினார்கள், சீட்டைக் கிழித்தார்கள்

வேங்கிக்கால் பெரியோர்களே, தாய்மார்களே, நைட் டூட்டி முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து நிற்கிற நர்ஸ் சகோதரிகளே, தூய்மைப் பணித் தோழர்களே!

கலெக்டர் ஆபீஸ் இருக்கிற ஊரில் மைக் பிடித்திருக்கிறேன். அதனால் இன்று யாரையும் திட்டுவதாக இல்லை; பாராட்டப் போகிறேன். அரசு மருத்துவத்தில் செலவைக் குறைக்க ராத்திரி பகலாக மூளையைக் கசக்குகிறவர்களை இந்த நாட்டில் யார் பாராட்டினார்கள், சொல்லுங்கள்?

“விளக்கெண்ணெய்க்குக் கேடே தவிர பிள்ளை பிழைத்தபாடில்லை” என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அந்தக் காலத்தில் எண்ணெயும் போனது, பிள்ளையும் போனது. இன்றைய சிக்கனப் புலிகள் அதில் பாதியைச் சரிசெய்துவிட்டார்கள். இப்போது எண்ணெய் மிச்சம்! (சிரிப்பு)

இவர்களுக்குத் திருவண்ணாமலையைப் போலத் தோதான ஊர் வேறு கிடைக்குமா? சர்க்கரை வியாதியா, மாத்திரை எதற்கு? 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை கிடக்கிறது, நடக்கட்டும். வார்டில் லைட் எரியவில்லையா? கார்த்திகை தீபம் ஊருக்கெல்லாம் தெரிகிறது, அந்த வெளிச்சத்தில் ஊசி போடட்டும். ஜவ்வாது மலையில் ஆம்புலன்ஸ் ஏற ரோடு இல்லையா? டோலி கட்டித் தூக்கட்டும். டீசலும் வேண்டாம், டிரைவர் சம்பளமும் வேண்டாம். தீவிர சிகிச்சைப் பிரிவு கேட்கிறீர்களா? நினைத்தாலே முக்தி தருகிற ஊரில் அது வீண் செலவு என்று கோப்பில் எழுதிவிட்டால் யார் மறுக்க முடியும்? (சிரிப்பு, கைதட்டல்)

சிரித்துவிட்டீர்கள். டோலியைத் தவிர மற்றதெல்லாம் என் கற்பனை. அடுத்துச் சொல்லப்போவதில் என் கற்பனை ஒரு சொட்டும் கிடையாது.

2020 ஜனவரியில் டெல்லியில் நிதி ஆயோக் ஒரு திட்டத்தை நீட்டியது. மாவட்ட அரசு மருத்துவமனையைத் தனியார் மருத்துவக் கல்லூரியோடு இணைத்து நடத்தலாம் என்பது திட்டம். அதில் கட்டிலை இரண்டு சாதியாகப் பிரித்தார்கள். ஏறக்குறைய பாதி, ‘சந்தைப் படுக்கை’: சந்தை விலைக்குக் கட்டணம். மீதி, கட்டுப்படுத்தப்பட்ட கட்டணப் படுக்கை. பக்கத்துப் பக்கத்துக் கட்டில், ஒரே டெங்கு, ஒரே கொசு. கொசு ரெண்டு பேரையும் சமமாகத்தான் கடித்தது. கொசுவுக்கு இருந்த சமத்துவம் திட்டம் போட்டவர்களுக்கு இல்லை! (கைதட்டல்)

அடுத்தது நர்ஸ்மார் கதை. 2012-ல் தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வந்தது. 2015-லிருந்து தேர்வு வைத்து, பாஸ் செய்த நர்ஸ்களை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். ரெண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். ஒரு நாளைக்கு 257 ரூபாய். நைட் டூட்டியும் அதில்தான், பிரசவ வார்டும் அதில்தான். பிறகு 14,000, 18,000 என்று ஏறியது. ரெண்டு வருஷம் மட்டும் பலருக்கு முடியவே இல்லை. பூமி சூரியனைச் சுற்றுவதையும் நிதித்துறை நிறுத்தி வைத்துவிட்டதோ என்னவோ! (சிரிப்பு)

அப்புறம் கொரோனா வந்தது. 2020 மார்ச் 22, நாடே கைதட்டியது, தட்டு தட்டியது. மே 3, விமானப்படை ஹெலிகாப்டர் வந்து மருத்துவமனைகள் மேல் பூ தூவியது. சென்னை அரசுப் பொது மருத்துவமனை மேலேயும் தூவியது. அதே வருஷம் ஆயிரக்கணக்கில் நர்ஸ்களை அவசர அவசரமாக வேலைக்கு அழைத்தார்கள். பெற்ற பிள்ளையே பக்கத்தில் வரப் பயந்த நேரத்தில், முழுக்கவச உடைக்குள் வெந்துகொண்டே நம் அப்பா அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள் அவர்கள்.

2022 டிசம்பர் 31. ஊரெல்லாம் புத்தாண்டுக் கேக் வெட்டிக்கொண்டிருந்த நாள். அந்தக் கொரோனா நர்ஸ்களில் சுமார் 2,400 பேருக்கு “பணி நீட்டிப்பு இல்லை” என்று உத்தரவு. நியமனத்தில் விதிமுறை பின்பற்றப்படவில்லை என்று காரணம் சொன்னார்கள். ஐயா, தொற்று வார்டுக்குள் அவர்களை அனுப்பியபோது அந்த விதிப் புத்தகம் எங்கே போயிருந்தது? அதுவும் முகக்கவசம் போட்டுக்கொண்டு தனிமைப்படுத்தலில் இருந்ததா? (பலத்த கைதட்டல்)

பூவைத் தூவியது டெல்லி, சீட்டைக் கிழித்தது சென்னை. வேலைக்கு எடுத்தது ஒரு கட்சியின் ஆட்சி, வெளியே அனுப்பியது இன்னொரு கட்சியின் ஆட்சி. சிக்கனத்துக்கு மட்டும் கட்சி பேதம் கிடையாது, கூட்டணிப் பேச்சுவார்த்தையும் தேவையில்லை! போராட்டம் வெடித்த பிறகு, 18,000 ரூபாய்க்கு மாற்று வேலை தருகிறோம் என்றார்கள். அதுவும் ஒப்பந்தம்தான்.

ஒரு இடத்தில் மட்டும் என்னால் கேலி பேச முடியாது. 2017 ஆகஸ்ட், உத்தரப்பிரதேசம், கோரக்பூர் பி.ஆர்.டி. மருத்துவக் கல்லூரி. ஆக்சிஜன் கொடுத்த நிறுவனத்துக்குப் பல லட்சம் ரூபாய் பாக்கி. சப்ளை தடைபட்டது. அந்தச் சில நாட்களில் பத்துப் பத்தாகக் குழந்தைகள் செத்தார்கள். ஆக்சிஜன் இல்லாததால் சாகவில்லை, நோயால் செத்தார்கள் என்றது அந்த மாநில அரசு. காரணத்தை அவர்கள் எப்படி எழுதினாலும், உயிர்மூச்சுக்கான பில் மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருந்தது உண்மை. பில்லைத் தள்ளிப் போடலாம். மூச்சைத் தள்ளிப் போட முடியுமா?

தோழர்களே, இந்தச் சிக்கனத்தின் சூட்சுமம் என்ன? செலவு குறைவதே இல்லை. கை மாறுகிறது, அவ்வளவுதான். ஒரு பாட்டி மருந்து வாங்கும் ஜன்னலில் நிற்கிறாள் என்று வையுங்கள்.

“ஏம்மா, சீட்டுல மூணு எழுதிக்கீது, ரெண்டுதான் குடுத்த?”

“இன்னொண்ணு ஸ்டாக் இல்ல ஆயா, வெளிய வாங்கிக்க.”

வெளியே அது 120 ரூபாய். அரசுக் கணக்கில் 120 மிச்சம். ஆயாவின் சுருக்குப்பையில் 120 காலி. கூடவே பஸ் செலவு, துணைக்கு வந்த மகளின் ஒரு நாள் கூலி. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெண்ணைத் திட்டாதீர்கள். மூன்று பேர் வேலையை ஒரே ஆளாகப் பார்க்கிறவர் அவர். சேமிப்பின் இன்னொரு பாதி அவர் முதுகில் இருக்கிறது.

நான் சொன்னால் மேடைப் பேச்சு என்பார்கள். ஒன்றிய அரசின் தேசிய சுகாதாரக் கணக்கு சொல்லட்டும். 2021-22-ல் மருத்துவத்துக்கு நாடு செலவழித்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் 39 ரூபாய்க்கு மேல் மக்கள் சொந்தக் கையிலிருந்து போட்டது. முன்பு 64 ரூபாயாக இருந்தது, குறைத்துவிட்டோம் என்கிறார்கள். குறைந்தவரை நல்லது. ஆனால் 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில் அவர்களே எழுதியது என்ன? 2025-க்குள் நாட்டின் உற்பத்தி மதிப்பில் 2.5 சதவீதம் அரசு செலவழிக்கும் என்று. 2021-22-ல் எட்டியது 1.84. மாநிலங்கள் பட்ஜெட்டில் 8 சதவீதத்துக்கு மேல் ஒதுக்க வேண்டும் என்பதும் அதே கொள்கைதான்.

“அப்படியானால் பணத்தை வாரி இறைக்கச் சொல்கிறாயா?” என்று கேட்பார்கள். இல்லை. நல்ல சிக்கனத்தை இந்தியாவுக்கே கற்றுக்கொடுத்த மாநிலம் இது. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்தது. ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியாக மருந்து வாங்கி ஏமாறாமல், மாநிலம் முழுவதற்கும் சேர்த்துத் திறந்த டெண்டர். மருந்தை ஆய்வகத்தில் சோதித்த பிறகே விநியோகம். மாவட்டக் கிடங்கு, மருத்துவமனைக்கு ஒரு பாஸ்புக். விலை விழுந்தது, மாத்திரை ஏழையின் கைக்கு வந்தது. கேரளாவும் ராஜஸ்தானும் பின்னால் இதே வழியில் கழகம் அமைத்தன. அந்தச் சிக்கனத்தில் இழந்தவர்கள் கமிஷன் தின்றவர்கள். இந்தச் சிக்கனத்தில் இழப்பவர்கள் நர்ஸும் நோயாளியும். எது சிக்கனம், எது திருட்டு என்று பிரித்துப் பார்க்க இந்த ஒரு கேள்வி போதும்: மிச்சமான பணம் யாருடைய வயிற்றிலிருந்து வந்தது? (கைதட்டல்)

நம் ஊர் மருத்துவக் கல்லூரி வந்தது 2013-ல். அதற்கு முன்னால் பெரிய கேஸ் என்றால் வேலூர் ஓடினோம், புதுச்சேரி ஜிப்மருக்கு ஓடினோம். அந்தக் கல்லூரி நம் சொத்து. அதைக் குறை சொல்ல வரவில்லை, அது நிறைவாக இருக்கவேண்டும் என்று கேட்க வந்திருக்கிறோம். நோயாளிகள் எத்தனை பேரோ அதற்கேற்ப டாக்டர், நர்ஸ் பணியிடம். ஒரே வேலைக்கு ஒரே சம்பளம். ஒப்பந்தத்துக்கு முடிவு. எழுதிய மாத்திரை அத்தனையும் அரசு ஜன்னலிலேயே.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள். வெறுங்கையோடு வராதீர்கள். அரசு டாக்டர் எழுதிக்கொடுத்து, வெளிக்கடையில் நீங்கள் காசு போட்டு வாங்கிய மருந்து பில் எல்லாவற்றையும் மனுவோடு பின் பண்ணிக் கொண்டுவாருங்கள். அரசு மிச்சம் பிடித்ததற்கு அவர்களிடம் அறிக்கை இருக்கிறது. அந்தப் பணத்தைக் கட்டியது யார் என்பதற்கு ரசீது நம்மிடம் இருக்கிறது. ரெண்டையும் ஒரே மேஜையில் வைத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்வோம்.